சளியில் கிருமி உண்டு, டி.பி. இல்லை: என்.டி.எம். நுரையீரல் நோய்க்கான மருந்துகள் – வாசகர் கேள்வி பதில்

காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த, ஆனால் காசநோயை உண்டாக்காத கிருமிகளால் வரும் நுரையீரல் நோயைப் பற்றி வந்த கேள்விகளுக்கே இந்த முறை பக்கங்கள் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம். மருத்துவ உலகம் இவற்றைச் சுருக்கமாக என்.டி.எம். என்கிறது. பதில்களில் மருந்தின் அளவுகளை மில்லிகிராம் கணக்கில் எழுதியிருக்கிறோம். உங்கள் சீட்டில் இருப்பதைப் புரிந்துகொண்டு டாக்டரிடம் சரியான கேள்வியைக் கேட்கத்தான் அது. நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

என் அம்மாவுக்கு வயது 58, எடை 42 கிலோ. எட்டு மாதமாக இருமல். சளியில் கிருமி இருப்பதாகச் சொல்லி டி.பி. மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. இப்போது கல்ச்சர் ரிப்போர்ட்டில் ‘என்.டி.எம்.’ என்று வந்திருக்கிறது. அம்மாவுக்கு இருப்பது டி.பி.யா, இல்லையா? இரண்டு மாத மாத்திரையும் வீணா?
– வாசகி, திருவாரூர்

கல்ச்சரில், அதாவது சளியிலுள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில், வளர்ந்தது டி.பி. கிருமி இல்லை. சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது மைக்கோபாக்டீரியம் குடும்பத்துக் கிருமிகள் எல்லாமே ஒன்றுபோலத்தான் தெரியும். காசநோய்க் கிருமி அந்தக் குடும்பத்தில் ஒன்று. மண்ணிலும் நீரிலும் வாழும் மற்றவை சுமார் 200 வகை. சிபிநாட் பரிசோதனையோ காசநோய்க் கிருமியின் மரபணுவை மட்டுமே தேடும். ஆகவே தகட்டில் ‘பாசிட்டிவ்’, சிபிநாட்டில் ‘கிருமி இல்லை’ என்று இரண்டு ரிப்போர்ட்டும் முரண்பட்டால், அப்போதே என்.டி.எம். சந்தேகம் வர வேண்டும். அம்மாவுக்கு சிபிநாட் எடுத்திருந்தால் அந்தத் தாளைத் தேடி எடுத்துவையுங்கள்.

அம்மா சாப்பிட்டது ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்புட்டால் நான்கும் சேர்ந்த மாத்திரையாக இருக்கும். என்.டி.எம். நோயில் பெரும்பாலும் காணப்படுவது ‘மேக்’ என்று அழைக்கப்படும் ஏவியம்–இன்ட்ராசெல்லுலாரே குழு. அதன்மேல் பைரசினமைட் வேலை செய்யாது, ஐசோநியாசிட்டாலும் பெரிய பயன் இல்லை. ரிஃபாம்பிசினும் எத்தாம்புட்டாலும் ஓரளவு உதவும். ஆனால் முதுகெலும்பான மருந்து அசித்ரோமைசின், அது அந்த மாத்திரையில் இல்லை. அதனால்தான் இப்படிப்பட்ட நோயாளிகள் முதல் சில வாரம் தேறினாற்போல் இருந்து, பிறகு பழைய நிலைக்கே வருவார்கள். அந்தக் கட்டத்தில் கிருமியின் இனத்தைப் பார்க்காமல் ‘மருந்துக்கு அடங்காத டி.பி.’ என்று முடிவு செய்து இன்னும் கடுமையான மருந்துகளுக்குப் போய்விடுவது நடக்கிறது. அம்மாவை அதிலிருந்து காப்பாற்ற வேண்டியது இப்போதுதான்.

டாக்டரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். முதலாவது, கிருமியின் இனம் என்ன? ‘என்.டி.எம்.’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு யாராலும் மருந்து எழுத முடியாது. இரண்டாவது, அசித்ரோமைசினின் உறவான கிளாரித்ரோமைசினுக்கும் ஊசி மருந்தான அமிகேசினுக்கும் அந்தக் கிருமி கட்டுப்படுகிறதா? மூன்றாவது, நுரையீரலின் எச்.ஆர்.சி.டி. ஸ்கேனில் குழி இருக்கிறதா, அல்லது மூச்சுக்குழாய் விரிவும் சிறு முடிச்சுகளும்தானா?

இன்னொன்றும் உண்டு. ஒரே ஒரு சளி கல்ச்சரை வைத்து என்.டி.எம். நோய் என்று முடிவு கட்டக் கூடாது. இந்தக் கிருமிகள் குழாய்த் தண்ணீரிலேயே இருப்பதால் வாய் வழியாகவோ லேப் வழியாகவோ சளியில் கலந்துவிடலாம். உலக அளவிலான 2020 வழிகாட்டி நெறிப்படி, அறிகுறி இருக்க வேண்டும், ஸ்கேனில் பொருந்தும் மாற்றம் இருக்க வேண்டும், தனித்தனியாக எடுத்த குறைந்தது இரண்டு சளி மாதிரிகளில் ஒரே இனம் வளர வேண்டும். பிராங்கோஸ்கோப்பி செய்து நுரையீரலைக் கழுவி எடுத்த நீர் என்றால் ஒரு முறை வளர்ந்தாலே போதும்.

சளி கொடுப்பதிலும் கவனம் வேண்டும். காலையில் எழுந்ததும், கொதித்து ஆறிய தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள், நேரடிக் குழாய்த் தண்ணீர் வேண்டாம். அடி நெஞ்சிலிருந்து இருமி எடுத்த கெட்டிச் சளிதான் வேண்டும், எச்சில் அல்ல. மாதிரிகளை வேறு வேறு நாட்களில் கொடுங்கள். உடனே லேபுக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் மூடி இறுக்கி ஃபிரிட்ஜில் வைக்கலாம். சளியே வராதவர்களுக்கு 3 சதவீத உப்புநீரை நெபுலைசரில் கொடுத்து வரவழைப்பார்கள்.

நம் பக்கத்து மண்ணில் இந்தக் கிருமிகள் நிறைய என்பது புதுச் செய்தி அல்ல. 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வின்போதே அங்குள்ள மக்களில் பெரும்பாலோரின் உடல் இந்தக் கிருமிகளைச் சந்தித்திருப்பது தோல் பரிசோதனையில் தெரிந்தது. நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி அங்கே தடுக்காமல் போனதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று. ஆனால் கிருமியைச் சந்திப்பது வேறு, நோய் வருவது வேறு. பழைய டி.பி. தழும்பு உள்ளவர்கள், மூச்சுக்குழாய் விரிந்தவர்கள், நாள்பட்ட புகையால் நுரையீரல் கெட்டவர்கள், உங்கள் அம்மாவைப் போல மெலிந்த உடல்வாகு கொண்ட நடுவயது தாண்டிய பெண்கள் ஆகியோரிடம்தான் இது வேர் பிடிக்கிறது.

எனக்கு ஒரு முறை மட்டும் சளியில் ‘மைக்கோபாக்டீரியம் கோர்டோனே’ வந்தது. டாக்டர் மருந்தே வேண்டாம் என்கிறார். வேறு டாக்டரைப் பார்க்கட்டுமா?
– வாசகர், சென்னை

இந்த விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதே சரி. கோர்டோனே பெரும்பாலும் தண்ணீரிலிருந்து வந்து கலக்கும் கிருமி, அரிதாகத்தான் நோய் தரும். சளியை மறுபடி ஒன்றிரண்டு முறை கொடுங்கள். எதனால் இருமல் வருகிறது என்ற தேடலை மட்டும் நிறுத்தாதீர்கள்.

மேக் என்று உறுதியாகி என் மனைவிக்கு வாரம் மூன்று நாள் மட்டும் மாத்திரை. அதே நோய்க்கு எங்கள் தெருவில் ஒருவருக்குத் தினமும் மாத்திரை, கூடவே ஊசி. எது சரி?
– வாசகர், மதுரை

இரண்டும் சரியாக இருக்கலாம். நோயின் வடிவத்தைப் பொறுத்துத்தான் மருந்து முறை.

ஸ்கேனில் குழி இல்லாமல் முடிச்சும் மூச்சுக்குழாய் விரிவும் மட்டும் இருந்தால், வாரம் மூன்று நாள் முறை போதும். அசித்ரோமைசின் 500 மி.கி., ரிஃபாம்பிசின் 600 மி.கி., எத்தாம்புட்டால் உடல் எடையில் கிலோவுக்கு 25 மி.கி. மனைவி 42 கிலோ என்றால் கணக்கு 1050 வரும், 1000 மி.கி. எழுதுவார்கள். திங்கள், புதன், வெள்ளி என்று நாளைக் கட்டிவையுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் சாப்பிடுங்கள், இரட்டை டோஸ் வேண்டாம். இந்த முறையில் பலன் குறையாமல் பக்கவிளைவு, குறிப்பாகக் கண் கோளாறு, குறைகிறது.

குழி இருந்தாலோ நோய் பரவலாக இருந்தாலோ தினசரி மருந்து வேண்டும். அப்போது அசித்ரோமைசின் 250 முதல் 500 மி.கி., ரிஃபாம்பிசின் 450 அல்லது 600 மி.கி., எத்தாம்புட்டால் கிலோவுக்கு 15 மி.கி. மட்டுமே. அதே 42 கிலோவுக்கு 600 மி.கி.தான் வரும். வாரம் மூன்று நாள் முறையின் 25 மி.கி. கணக்கைத் தினசரி முறையில் போட்டுவிட்டால் கண்ணுக்கு ஆபத்து. சீட்டு எழுதும்போதும் மருந்துக் கடையில் எடுக்கும்போதும் நிகழக்கூடிய பிழை இது. ஆகவே உங்கள் முறை எது, எடைக்கு எத்தனை மில்லிகிராம் என்று நீங்களே ஒரு முறை பெருக்கிப் பாருங்கள். தினசரி முறையோடு முதல் 2, 3 மாதம் அமிகேசின் ஊசியும் சேர்ப்பார்கள். உங்கள் தெருக்காரருக்கு அதுதான் நடக்கிறது.

கல்ச்சர் ரிப்போர்ட்டில் ‘ரிஃபாம்பிசின் – கட்டுப்படாது, எத்தாம்புட்டால் – கட்டுப்படாது’ என்று பார்த்துவிட்டுப் பலர் பதறுகிறார்கள். மேக் கிருமியைப் பொறுத்தவரை லேபில் வரும் இந்த இரண்டு முடிவும் உடலுக்குள் நடப்பதைக் காட்டுவதில்லை. நம்பக்கூடியவை இரண்டுதான்: கிளாரித்ரோமைசின், அமிகேசின். கிளாரித்ரோமைசினுக்கு வரும் முடிவே அசித்ரோமைசினுக்கும் பொருந்தும்.

மூன்று மருந்தையும் ஒரே நாளில் தொடங்கினால் குமட்டல் எதனால் என்று தெரியாமல் போய், எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். அதனால் சில டாக்டர்கள் முதலில் எத்தாம்புட்டால், சில நாள் கழித்து அசித்ரோமைசின், பிறகு ரிஃபாம்பிசின் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ப்பார்கள். வயதானவர்களுக்கு இது நல்ல வழி.

அப்பாவுக்கு மேக் நோய். அசித்ரோமைசின் ஒத்துக்கொள்கிறது, மற்ற இரண்டும் வயிற்றைப் புரட்டுகின்றன. போன வருஷம் சளிக்காக ஐந்து நாள் அசித்ரோமைசின் சாப்பிட்டபோதே நன்றாகத் தேறினார். அதை மட்டும் தொடர்ந்தால் என்ன?
– வாசகர், ஈரோடு

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பக்கங்களில் நாங்கள் சொல்வதில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: அசித்ரோமைசினைத் தனியாக விடக் கூடாது.

அசித்ரோமைசின் கிருமிக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு வேலை செய்கிறது. மேக் கிருமியில் அந்த இடத்துக்கான மரபணு ஒரே ஒரு பிரதிதான். அதில் ஓர் எழுத்து மாறினாலே மருந்து ஒட்டாது. நுரையீரலில் இருக்கும் கோடிக்கணக்கான கிருமிகளில் அப்படி மாறியவை முன்கூட்டியே சில இருக்கும். அசித்ரோமைசின் மட்டும் கொடுத்தால் மற்றவை செத்து, மாறியவை மட்டும் பெருகும். முதல் சில மாதம் இருமல் குறைவதும் உண்மை, பிறகு நோய் திரும்பும்போது அந்த மருந்து பயனற்றுப் போயிருப்பதும் உண்மை. எத்தாம்புட்டால் கூட இருந்தால் மாறிய கிருமிகளையும் அது அடக்கும். மேக் சிகிச்சையில் அசித்ரோமைசினின் காவலாளி எத்தாம்புட்டால்தான்.

அசித்ரோமைசினோடு மாக்சிஃப்ளாக்சசின் அல்லது லீவோஃப்ளாக்சசின் மட்டும் கொடுப்பதும் இதே ஆபத்தில்தான் முடியும். இரண்டு மருந்து இருக்கிறதே என்று பார்க்கத் தோன்றும், ஆனால் அந்தக் கூட்டணி காவல் காப்பதில்லை. அசித்ரோமைசின் ஒருமுறை தோற்றுவிட்டால், கிருமியைச் சளியிலிருந்து ஒழிப்பது மிகக் கடினம். மாதக்கணக்கில் ஊசியும், சிலருக்கு அறுவையும் தேவைப்படும்.

அப்பாவின் வயிற்றுப் புரட்டலுக்கு வழி உண்டு. பெரும்பாலும் குற்றவாளி ரிஃபாம்பிசின். அதை இரவு படுக்கும்முன் மாற்றலாம், வாரம் மூன்று நாள் முறைக்கு மாறலாம், முடியாவிட்டால் அதற்குப் பதில் குளோஃபசிமைன் போடலாம். அதை டாக்டர் முடிவு செய்யும்வரை, ஒன்றை மட்டும் சாப்பிடுவதைவிட எல்லாவற்றையும் சில நாள் நிறுத்திவைப்பதே மேல். நிறுத்திய அன்றே டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள்.

மூச்சுக்குழாய் விரிவு உள்ளவர்களுக்கு அடிக்கடி வரும் சளித் தொற்றைத் தடுக்க, வாரம் மூன்று நாள் அசித்ரோமைசின் மட்டும் மாதக்கணக்கில் எழுதுவது வழக்கத்தில் உண்டு. நல்ல மருத்துவம்தான், ஆனால் தொடங்கும் முன் சளியில் என்.டி.எம். இல்லை என்று கல்ச்சர் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் கேளுங்கள். இருமலுக்கெல்லாம் கடையில் நீங்களாக அசித்ரோமைசின் வாங்கிச் சாப்பிடுவதையும் விட்டுவிடுங்கள்.

மாத்திரையை எத்தனை மாதம் சாப்பிட வேண்டும்? ஒருவர் ஒரு வருஷம் என்கிறார், இன்னொருவர் ஒன்றரை வருஷம் என்கிறார்.
– வாசகி, கோயம்புத்தூர்

மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து எண்ணுவதால் வரும் குழப்பம் இது. மேக் நோயில் எண்ணிக்கை சளி கல்ச்சர் சுத்தமான நாளிலிருந்து தொடங்குகிறது, அங்கிருந்து குறைந்தது 12 மாதம்.

ஜனவரியில் மருந்து தொடங்கியதாக வைத்துக்கொள்வோம். பிப்ரவரி, மார்ச் சளியில் கிருமி வளர்கிறது. ஏப்ரல், மே, ஜூன் மூன்றிலும் வளரவில்லை. குறைந்தது நான்கு வார இடைவெளியில் தொடர்ந்து மூன்று முறை வளராவிட்டால்தான் ‘மாறிவிட்டது’, அதாவது சளி சுத்தமாகிவிட்டது என்போம். ஆனால் நாளைக் கணக்கிடுவது அந்த மூன்றில் முதலாவதிலிருந்து, அதாவது ஏப்ரலிலிருந்து. ஆக அடுத்த ஏப்ரல் வரை மருந்து, மொத்தம் 15 மாதம். சளி மாறுவது தாமதமானால் 18, 20 மாதம்கூட ஆகும்.

கல்ச்சர் முடிவு வர 6 முதல் 8 வாரம் பிடிக்கும் என்பதால் ஏப்ரல் சளியின் சேதி ஜூனில்தான் கைக்கு வரும். இடையில் உடம்பு தேறியதைப் பார்த்து ஆறாவது மாதம் மருந்தை விடுகிறவர்கள் நிறைய. இருமல் நின்றதோ எடை கூடியதோ எக்ஸ்ரே தெளிந்ததோ முடிவு நாளைத் தீர்மானிக்காது. மாதம் ஒரு முறை, முடியாவிட்டால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சளி கொடுத்துக்கொண்டே இருங்கள். ஒரு நோட்டில் சளி கொடுத்த தேதியை ஒரு பத்தியிலும் முடிவை எதிரிலும் எழுதிவையுங்கள். டாக்டர் மாறினாலும் அந்த நோட்டு பேசும்.

எத்தாம்புட்டால் கண்ணைக் கெடுக்கும், ஊசி காதைக் கெடுக்கும் என்கிறார்கள். பயமாக இருக்கிறது. முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?
– வாசகி, தஞ்சாவூர்

உண்டு. முன்கூட்டியே தேடினால் பெரும்பாலான கோளாறுகளைத் தடுக்கலாம்.

கண்ணில் இருந்து தொடங்குவோம். எத்தாம்புட்டால் பார்வை நரம்பைத் தாக்கும்போது வலி இருக்காது. முதலில் சிவப்பும் பச்சையும் மங்கும், எழுத்து கலங்கும். மருந்து தொடங்கும் முன் கண் டாக்டரிடம் பார்வைக் கூர்மையும் நிறப் பார்வையும் பார்த்துக் குறித்துவையுங்கள். பிறகு மாதம் ஒரு முறை அதே ஆஸ்பத்திரியில் பாருங்கள். வீட்டில் தினமும் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் நாளிதழின் ஒரே அளவு எழுத்தைப் படித்துப் பாருங்கள். இரண்டு கண்ணையும் திறந்து படித்தால் ஒரு கண்ணின் குறை தெரியாமல் போகும். மாற்றம் தெரிந்தால் அன்றே எத்தாம்புட்டாலை நிறுத்திவிட்டுக் கண் டாக்டரிடம் போங்கள், அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள். சீக்கிரம் நிறுத்தினால் பெரும்பாலும் பார்வை திரும்பும். இந்த மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் கிரியாட்டினின் கூடியிருப்பவர்களுக்கு ஆபத்து அதிகம், அளவைக் குறைக்க வேண்டும். எத்தாம்புட்டாலை நிறுத்திய அன்றே நுரையீரல் டாக்டருக்கும் சொல்லுங்கள். காவலாளி போய்விட்டதால் அவர் வேறொன்றை உடனே சேர்க்க வேண்டியிருக்கும்.

அமிகேசின் முதலில் கெடுப்பது மிக உயர்ந்த சுருதி ஒலிகளைக் கேட்கும் திறனை. பேச்சு நன்றாகக் கேட்பதால் நோயாளிக்குத் தெரியாது, கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராமில்தான் தெரியும். ஊசிக்கு முன் ஒன்று, பிறகு மாதம் ஒன்று எடுங்கள். காதில் இரைச்சல், இருட்டில் நடக்கும்போது தள்ளாட்டம் இரண்டும் எச்சரிக்கை மணிகள். போன கேட்கும் திறன் திரும்புவதில்லை. குடும்பத்தில் யாருக்காவது ஊசி போட்டபின் காது கேட்காமல் போயிருந்தால் முதல் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள், தாய்வழியில் வரும் ஒரு மரபணு மாற்றம் அப்படிச் செய்யும். ஊசிக் காலத்தில் வாரம் ஒரு முறை கிரியாட்டினின் பார்ப்பதும், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தவிர்ப்பதும் அவசியம்.

அசித்ரோமைசினுக்கு ஈ.சி.ஜி. வேண்டும்: தொடங்கும் முன் ஒன்று, இரண்டு வாரம் கழித்து ஒன்று. இதயத் துடிப்பின் ‘கியூ.டி.’ இடைவெளியை அது நீட்டும். குளோஃபசிமைனும் மாக்சிஃப்ளாக்சசினும் அதையே செய்வதால், சேர்த்துக் கொடுக்கும்போது இன்னும் கவனம். நீண்ட நாள் சாப்பிட்டால் அசித்ரோமைசினும் காதைப் பாதிக்கலாம்.

ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது சாதாரணம். கண்ணின் வெள்ளை மஞ்சளாவது சாதாரணம் அல்ல, அன்றே கல்லீரல் பரிசோதனை வேண்டும். எஸ்.ஜி.பி.டி. அளவு இயல்பைப்போல் 5 மடங்கானாலோ, குமட்டல், வயிற்றுவலியோடு 3 மடங்கானாலோ மருந்தை நிறுத்துவார்கள். வாரம் மூன்று நாள் முறையில் அரிதாக ரிஃபாம்பிசின் இரத்தத் தட்டணுக்களை வீழ்த்தும். ஈறில் இரத்தம், தோலில் சிவப்புப் புள்ளி வந்தால் அடுத்த டோஸைப் போடாமல் இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

குளோஃபசிமைன் தொழுநோய்க்கு நெடுங்காலமாகக் கொடுக்கும் மருந்துதான். தோல் சிவந்து பிறகு கறுக்கும், வறளும். நிறுத்திய பின் நிறம் மெல்லத் திரும்பும், ஆனால் பல மாதம் ஆகும். கல்யாண வயதுப் பெண்களுக்கும் வெளிவேலைக்குப் போகிறவர்களுக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் நியாயம். சொல்லாமல் கொடுத்தால் இரண்டாவது மாதம் மாத்திரை நின்றுவிடும்.

மாத்திரைகளை எப்போது சாப்பிடுவது? எனக்குச் சர்க்கரை, தைராய்டு மாத்திரைகளும் உண்டு.
– வாசகி, நாகர்கோவில்

ரிஃபாம்பிசினை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு அல்லது இரண்டு மணி நேரம் பின்பு. எத்தாம்புட்டாலையும் அசித்ரோமைசினையும் சாப்பாட்டோடு எடுக்கலாம், குளோஃபசிமைனைச் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும். நெஞ்செரிச்சலுக்கான ஜெலுசில் போன்ற திரவ மருந்துகளில் உள்ள அலுமினியம் எத்தாம்புட்டால் உடம்பில் சேர்வதைக் குறைக்கும், அசித்ரோமைசினையும் தடுக்கும். நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள்.

ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தூண்டிவிட்டுப் பல மருந்துகளை வேகமாகக் கரைத்துவிடும். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையின் பலன் குறைந்து சர்க்கரை ஏறும். தைராக்சின் அளவைக் கூட்ட நேரலாம், ஆறு வாரத்தில் டி.எஸ்.எச். பாருங்கள். வார்ஃபரின், அபிக்சபான் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள், கருத்தடை மாத்திரை, ஸ்டீராய்டு, சில பி.பி. மாத்திரைகள் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. மறக்கிற விஷயம் முடிவில் வருகிறது: ரிஃபாம்பிசினை நிறுத்திய இரண்டு வாரத்தில் கல்லீரல் பழைய வேகத்துக்கு வந்துவிடும். கூட்டிவைத்த சர்க்கரை மாத்திரையும் வார்ஃபரினும் அப்போது அளவுக்கு மீறிப்போகும். சிகிச்சை முடியும் மாதத்தில் அந்த மருந்துகளை எழுதிய டாக்டரை ஒரு முறை பாருங்கள்.

அண்ணனுக்கு ‘ஆப்செசஸ்’ என்ற வகையாம். ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி மருந்து, பிறகு மாத்திரை, மொத்தம் ஒரு வருஷத்துக்கு மேல் என்கிறார்கள். அவ்வளவு தேவையா?
– வாசகர், புதுச்சேரி

தேவைதான். என்.டி.எம். வகைகளில் மருந்துக்கு மிகக் குறைவாக அடங்குவது இது. டி.பி. மாத்திரை எதுவும் இதன்மேல் வேலை செய்யாது.

முதலில் எந்த உட்பிரிவு என்று கேளுங்கள். ‘மாசிலியென்ஸ்’ உட்பிரிவில் அசித்ரோமைசினை எதிர்க்க உதவும் ‘இ.ஆர்.எம். 41’ என்ற மரபணு பழுதாகிக் கிடப்பதால் அசித்ரோமைசின் முழுப் பலன் தரும், குணமாகும் வாய்ப்பும் நல்லது. ‘ஆப்செசஸ்’ என்ற அதே பெயருள்ள உட்பிரிவில் பெரும்பாலும் அந்த மரபணு உயிரோடு இருக்கும். மருந்தைப் பார்த்த பிறகுதான் அது விழிக்கும். அதனால் லேபில் மூன்றாம் நாள் ‘கட்டுப்படும்’ என்று வரும் கிருமி, 14-ஆம் நாள் ‘கட்டுப்படாது’ என்று மாறிவிடும். அண்ணனின் ரிப்போர்ட் 14 நாள் வரை வைத்துப் பார்த்ததா என்பது முக்கியம். மூன்றாம் நாள் முடிவை நம்பி அசித்ரோமைசினைக் கணக்கில் சேர்த்தால் ஒரு மருந்து குறைவாகவே சிகிச்சை நடக்கும்.

முதல் கட்டத்தில் கிருமி கட்டுப்படும் மருந்துகள் குறைந்தது மூன்று, அசித்ரோமைசின் தோற்றிருந்தால் நான்கு வேண்டும். அமிகேசின், இமிபெனம், டைகசைக்ளின் ஆகியவை நரம்பு வழியாக. குளோஃபசிமைன், லினசோலிட் வாய் வழியாக. டைகசைக்ளினுக்குக் கடும் வாந்தி வரும், வாந்தி மாத்திரையை முன்கூட்டியே கொடுப்பார்கள். லினசோலிட் இரத்த அணுக்களைக் குறைக்கும், மாதங்கள் நீண்டால் பாத நரம்புகளையும் பார்வை நரம்பையும் கெடுக்கும். பாதத்தில் எரிச்சலோ மரத்துப்போதலோ தொடங்கினால் காத்திருக்க வேண்டாம். ஒரு பக்கத்தில் மட்டும் நோய் ஒதுங்கியிருந்தால், ஊசிக் கட்டத்துக்குப் பிறகு அந்தப் பகுதியை அறுவை செய்து எடுப்பதையும் யோசிக்க வேண்டும். இந்த வேலையை அனுபவமுள்ள மையத்தில்தான் செய்ய வேண்டும்.

எனக்கு கன்சாசி வகை. அதே டி.பி. மாத்திரையைத்தானே கொடுக்கிறார்கள்?
– வாசகர், சேலம்

ஏறக்குறைய. ரிஃபாம்பிசின், எத்தாம்புட்டால், கூட ஐசோநியாசிட் அல்லது அசித்ரோமைசின். பைரசினமைட் இதன்மேல் வேலை செய்யாது, ஆகவே நாலு மருந்து சேர்ந்த மாத்திரை பொருந்தாது. ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். குறைந்தது 12 மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டால் என்.டி.எம். வகைகளிலேயே நன்றாகக் குணமாவது இதுதான்.

வீட்டில் பேரக்குழந்தைகள் இருக்கிறார்கள். தொற்றுமா? போர் தண்ணீரால்தான் வந்ததா?
– வாசகி, விழுப்புரம்

மேக் நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. தனித் தட்டு, தனி அறை எதுவும் வேண்டாம், குழந்தைகளைத் தாராளமாகத் தூக்குங்கள். டி.பி. இல்லை என்று உறுதியாகியிருந்தால் போதும்.

எந்தத் தண்ணீரால் வந்தது என்று கண்டுபிடிப்பது அரிது. இந்தக் கிருமிகள் குழாயின் உட்சுவரில் வழுவழுப்புப் படலமாக ஒட்டி வாழும், குளோரினுக்கும் எளிதில் சாவதில்லை. குடிப்பதைவிட, துளியாகத் தெறிப்பதை மூச்சில் இழுப்பதுதான் நுரையீரலுக்குப் பிரச்சினை. ஷவரைவிட வாளியில் குளிப்பது மேல். குளியலறை ஜன்னலைத் திறந்துவையுங்கள். கீசரை 55 டிகிரிக்கு மேல் வையுங்கள், வாளியில் பச்சைத் தண்ணீர் கலந்து குளிக்கலாம். காய்ந்த தொட்டி மண்ணைக் கிளறும்போது முதலில் ஈரப்படுத்துங்கள், முகக்கவசம் போடுங்கள். நெபுலைசரில் குழாய்த் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றவே கூடாது. கழுவிய கோப்பையைக் கொதிநீரில் போட்டு எடுத்து முழுக்கக் காயவையுங்கள்.

மருந்துக்கு இணையாகச் சளியை வெளியேற்றுவதும் சிகிச்சையே. இறுகிய மூச்சுக்குழாயைத் தளர்த்தும் மருந்தை முதலில் இழுத்து, பிறகு 3 அல்லது 7 சதவீத உப்புநீர் நெபுலைசர், அதன்பின் ஃபிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சி. முதல் முறை உப்புநீரை ஆஸ்பத்திரியில் எடுத்துப் பாருங்கள், சிலருக்கு மூச்சு இறுகும். மெலிந்தவர்கள் எடை கூட்டியே ஆக வேண்டும்.

ஆறு மாதம் மூன்று மருந்தும் தவறாமல் சாப்பிட்டும் சளியில் மேக் வளர்கிறது. அடுத்து என்ன?
– வாசகர், திருநெல்வேலி

முதலில் கிளாரித்ரோமைசின், அமிகேசின் பரிசோதனையை மறுபடி செய்யுங்கள். அசித்ரோமைசினுக்கு இன்னும் கட்டுப்படுகிறது என்றால் கை நிறைய வாய்ப்பு இருக்கிறது. வாரம் மூன்று நாள் முறையிலிருந்தால் தினசரிக்கு மாறலாம், குளோஃபசிமைன் சேர்க்கலாம்.

இந்தக் கட்டத்துக்கென்றே உள்ளது, கொழுப்புக் குமிழிக்குள் அடைத்து மூச்சில் இழுக்கும் அமிகேசின், தினம் 590 மி.கி. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018-ல் அனுமதித்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில், பழைய மருந்துகளோடு இதையும் சேர்த்தவர்களில் 29 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் சளி சுத்தமானது. பழைய மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் அது 8.9 சதவீதம். குரல் கம்முவதும் இருமலும் சாதாரணம். விலை மிக அதிகம். எங்கும் எளிதில் கிடைக்கும் மருந்தும் அல்ல. அது கிடைக்காத இடங்களில் ஊசி அமிகேசினையே உப்புநீரில் கலந்து நெபுலைசரில் கொடுப்பது உண்டு. அதற்கும் காது, சிறுநீரகக் கண்காணிப்பு வேண்டும்.

மருந்து முடித்து இரண்டு வருஷம். மறுபடி சளியில் மேக். முதல் சிகிச்சை தோற்றுவிட்டதா?
– வாசகி, காரைக்குடி

அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. முடிச்சும் மூச்சுக்குழாய் விரிவும் உள்ளவர்களுக்கு மறுபடி வருவதில் கணிசமான பங்கு, சுற்றுப்புறத்திலிருந்து புதிதாக ஏறிய வேறு கிருமி. ஒரு முறை வளர்ந்ததற்காக உடனே மருந்து தொடங்க வேண்டாம். முதல் முறை போலவே மறுபடி சளி, ஸ்கேன், அறிகுறி மூன்றையும் பாருங்கள். இருமல் கூடாமல், எடை குறையாமல், ஸ்கேனும் மாறாமல் இருந்தால் இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை சளி கொடுத்தபடி கவனித்துவரலாம். குழி தெரிந்தாலோ தகட்டிலேயே கிருமி தெரியும் அளவுக்குப் பெருகினாலோ தாமதிக்கக் கூடாது. புதிய கிருமி அசித்ரோமைசினுக்குக் கட்டுப்படுகிறது என்று ரிப்போர்ட் வந்தால், பழைய மூன்று மருந்தும் மறுபடி வேலை செய்யும்.